பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற வீடு

தையல்காரம்மா பல்லைக் கடித்தால் அவருடைய மாடிவீடு இடப்பக்கம் சாயும். ஒரேயடியாக அல்ல, ஒரு கடிக்கு ஒரு நூலளவு. கல்யாணமான புதிதில், எதுவாக இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று அவருடைய அம்மா சொல்லி அனுப்பியதை, சொல் தட்டாத அந்த மகள் அப்படியே எடுத்துக்கொண்டதுதான் வினை. கீழே தையல்கடை, மேலே குடித்தனம். அளந்து வெட்டித் தைப்பவர் தையல்காரம்மா. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, எல்லாம் என் கைராசி என்று பாராட்டை வாங்கிக்கொள்பவர் கணவர். ஒவ்வொரு பாராட்டுக்கும் அம்மா பல்லைக் கடித்தார். முதலில் தாடை ஒதுங்கியது, பிறகு கழுத்து, தோள், இடுப்பு, கடைசியில் வீடு. அப்படிக் கோணி நின்றும் அவர் தைத்த சட்டைகள் தோள்பட்டையில் மயிரிழை பிசகவில்லை. அடேயப்பா, அது எல்லாருக்கும் வராது.

வருடங்கள் போயின. கீழே விழுந்த பித்தான்கள் தேடாமலே இடப்பக்கச் சுவரோரம் கிடைத்தன. கட்டிலின் இரண்டு கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தார்கள். கணவர் அஸ்திவாரம் போட்டவனைத் திட்டினார். கூரை பக்கத்து வீட்டு ஜன்னலை முட்டியதும் நகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, இந்த மாதத்துக்குள் நிமிராவிட்டால் இடிப்போம் என்று சொல்லிப் போனார். கடையும் குடித்தனமும் போனால் நடுத்தெருதான். அன்றைக்குத் தையல்காரம்மா கடித்த கடியில் கடைவாய்ப்பல் வீங்கிவிட்டது.

பல் டாக்டரம்மா கெட்டிக்காரி. வாயைப் பார்ப்பதற்கு முன்னால், தையல்காரம்மா வாசலிலிருந்து நடந்துவந்த விதத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி நிற்கச் சொன்னார். கடி எங்கே படுகிறது என்று காட்டும் நீலத்தாளைக் கடிக்கச் சொன்னார். சாயம் ஒரே ஒரு பல்லில்தான் ஒட்டியது.

"பல்லு சரியா உக்காரலைன்னா தாடை ஒதுங்கும். தாடை போன பக்கம் கழுத்து போகும், கழுத்து பின்னாடியே மொத்த உடம்பும் போகும்" என்றார்.

அந்தப் பல்லைக் கொஞ்சம் தேய்த்தார். இரண்டு தெரு தள்ளி வீடு பாதி நிமிர்ந்தது. மேசையில் இஸ்திரிப் பெட்டி தானாக நடந்து வருவதைப் பார்த்துக் கணவர் எழுந்து நின்றாராம்.

"என்னால பாதிதாம்மா முடியும். மீதிக்கு நீங்கதான் வாயைத் தொறக்கணும். இத்தனை வருஷமா எதைக் கடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

தையல்காரம்மா நேராகக் கடைக்கு வந்தார். வாடிக்கையாளர் ஒருவர் புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்து மெச்சிக்கொண்டிருந்தார். கணவர் கைராசியை ஆரம்பித்தார்.

"அது உங்க கை இல்லீங்க. வெட்டுறதும் நான், தைக்கிறதும் நான். இனிமே யார் கேட்டாலும் அதைச் சொல்லுங்க."

சொடக்கு எடுத்த மாதிரி ஒரு சத்தம். வீடு நிமிர்ந்துவிட்டது, அம்மாவும்தான். அவர் அவ்வளவு உயரம் என்பதே தெருவுக்கு அன்றுதான் தெரிந்தது. பொறியாளர் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, இனி இடிக்க வேண்டியதில்லை என்று சொல்லிப் போனார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், வீடும் பிழைத்தது.

மறுவாரம் கணவர் எதிரிலேயே யாரோ அம்மாவைப் புகழ, இந்த முறை கணவர் பல்லைக் கடித்தார். வீடு வலப்பக்கம் ஒரு நூல் சாய்ந்தது. தையல்காரம்மா மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "மனசுல இருக்கறதைச் சொல்லிடுங்க, வீடு சாயுது" என்றார். அவரும் சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் தினமும் சண்டை. சத்தம் கேட்காத நாளில்தான் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து சுவரைப் பார்க்கிறார்.