அறுபத்தொரு வருடம் பிந்தி வந்த குரல்

1963ஆம் ஆண்டு மார்ச் பதினான்காம் தேதி காலை பதினொன்றரை மணிக்கு, கேட்கவே கூடாது என்று எல்லோரும் சொல்லிவைத்திருந்த ஒன்றை நடிகை நெரீனா சால்வியாத்தி கேட்டாள்: என் படத்தில் என் குரலே வரவேண்டும். கேட்டு வாய் மூடுவதற்குள் அவள் குரல் போய்விட்டது. உதடு அசைந்தது, மூச்சு வந்தது, சத்தம் மட்டும் இல்லை. அது திரும்பி வந்தது 2024 மார்ச் பதினான்காம் தேதி, அதே பதினொன்றரைக்கு, ஜேர்மனியில், ஹம்பேர்க் நகரத்து அல்டோனாவில் அவள் குடியிருந்த இரண்டாம் மாடிச் சமையலறைக்கு. ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. அன்று ரயில்கள் நாற்பது நிமிடம் பிந்தின.

அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் முகம் ஒருத்தியுடையதாகவும் குரல் வேறொருத்தியுடையதாகவும் இருப்பது வழக்கம். நெரீனா, கியோஜா என்ற மீன்பிடி ஊரைச் சேர்ந்தவள். பதினாறு வயதில் மேடையேறியவள். கூத்துக்கொட்டகையின் கடைசி வரிசையில் கடலை கொறிப்பவனும் அவள் குரலுக்குக் கொறிப்பதை நிறுத்துவான். ஆனால் சினிமாக்காரர்களுக்கு அந்தக் குரலில் மீன்சந்தை நாற்றம் அடித்தது. இத்தாலியப் பிரதிக்கு ரோமாபுரியில் வானொலிப் பெண் ஒருத்தி பேசினாள், ஜேர்மன் மொழியிலான டொச்சுப் பிரதிக்கு ஹம்பேர்க்கில் இன்னொருத்தி. இருவரையும் நெரீனா கண்ணால் கண்டதில்லை. கார் கேள், வைரம் கேள், கதாநாயகனை மாற்றச் சொல்லியும் கேள், குரலை மட்டும் கேட்காதே என்று அவளுடைய மனேஜர் தலையில் அடித்துச் சொல்லியிருந்தார். ஹம்பேர்க் துறைமுகத்தில் கணவனைத் தேடி வரும் மீனவப் பெண்ணாக நடிக்க வந்த இடத்தில்தான் அவள் கேட்டாள். மீனவப் பெண்ணுக்கு மீனவப் பெண்ணின் குரல் கூடாதாம்! தயாரிப்பாளர் அவித்த முட்டையை உரித்துக்கொண்டே, உன் குரல் கொஞ்சம் பொறுத்திருக்கட்டும் என்றார். தயாரிப்பாளர்கள் ஆயிரம் சொல்வார்கள். அந்தக் குரல் இதை நம்பிவிட்டது.

படப்பிடிப்பில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஒன்பது மாதம் கழித்து, அடுத்த படத்தின் கதாநாயகன்தான், இவளுடைய சிரிப்பில் சத்தம் இல்லையே என்று முதலில் சொன்னான். அதற்குப் பிறகும் முப்பத்தொரு படம் நடித்தாள். அவளிடமிருந்து எதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. மேடையில் இரவல் குரல் செல்லாது என்பதால், அவள் ஹம்பேர்க்கிலேயே தங்கியபின் அங்குள்ள நாடக அரங்கில் அவளுக்கென்று பேசாத பெண்களை எழுதினார்கள். பேசாத அரசி, பேசாத விதவை, தலையை ஒருமுறை அசைத்துத் தூக்குத்தண்டனை கொடுக்கும் பேசாத நீதிபதி. அந்த வருடங்களில் அல்டோனாவில் அரங்கத்து வாசலிலிருந்து வீதி முனைவரை குடைகள் வரிசையாக நிற்கும். நாடகம் பார்த்த பெண்கள் மறுநாள் முழுக்க வீட்டில் பேசாமல் இருந்தார்கள். அரங்கத்துக்கு நூற்றுப்பன்னிரண்டு கணவர்கள் முறைப்பாடு எழுதினார்கள். அந்தக் கடிதங்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

1986இல் மூன்றாம் மாடிக்கு வல்வெட்டித்துறையிலிருந்து தவராசா வந்தார். அவருக்கு டொச்சு இல்லை, அவளுக்குக் குரல் இல்லை, ஆகவே இருவருக்குள்ளும் சண்டை வரவில்லை. ஒருநாள் அவருடைய சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அரங்கத்துச் சமையலறையில் அவர் இடுப்பில் ஏப்ரனைக் கட்டிவிட்டாள். வேலை கிடைத்தது. கேளாமல் கிடைத்ததால், இந்த நாட்டில் எதையும் கேட்கக்கூடாது என்பதே அதிலிருந்து அவர் படித்த பாடம். மகள் மிதுசாவுக்கும் அதையே சொன்னார், தினமும், பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிவிடும்போது: "ஒண்டும் கேளாதை."

ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் பெரியவர்கள் "கேக்குதோ, கேக்குதோ" என்று கத்துவதிலிருந்துதான் அந்தப் பிள்ளை அந்தச் சொல்லைப் பிடித்திருந்தது. ஆகவே, யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே என்று அப்பா சொல்வதாக விளங்கிக்கொண்டாள். அப்படியே வளர்ந்தாள். உனக்குப் பல்கலைக்கழகம் சரிவராது, ஏதாவது அவுஸ்பில்டுங் செய், தொழில் ஒன்று கையில் இருக்கும் என்று சொன்ன ஆசிரியையைக் கேட்கவில்லை. டொச்சுப் பிள்ளைகளே படிக்காத இத்தாலிய மொழியை நீ ஏன் படிக்கிறாய் என்ற மாமாமாரைக் கேட்கவில்லை. குடும்பத்தின் முதல் பட்டத்தை அப்படித்தான் வாங்கினாள். பிறகு எல்ப ஆற்றோரத்து ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் ஒரு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தாள். நெரீனாவின் அந்தத் துறைமுகப் படத்தைப் புதுப்பிப்பது அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை.

அந்த மார்ச் மாதத்தில் குரல் வந்தது. முதலில் கேட்ட வாக்கியம், "என்ன சிரிப்பு? அந்த முட்டையைக் கீழே வை!" எண்பத்தைந்து வயதுக் கிழவி வாய் மூடி மேசையில் இருக்க, இருபத்துநான்கு வயதுக்காரி அறையெங்கும் பேசினாள். அதன்பின், அறுபத்துமூன்றாம் ஆண்டு அந்தந்தத் தேதியில் பேசியது அந்தந்த மணிக்கு வந்தது. காப்பி கேட்டாள், சப்பாத்தைத் திட்டினாள், மாடிப்படியில் பாடினாள். இப்போது இல்லாத கப்பல்களின் பெயர்களை யன்னலோரம் ஒவ்வொன்றாக வாசித்தாள். இடித்துவிட்ட நடனசாலைக்கு யாரையோ கூப்பிட்டாள். கீழ்வீட்டுக்காரர்கள் வானொலியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து வைத்தார்கள். வெதுப்பகத்துக் கிழவி, பதினேழு வயதில் தான் விற்ற பாணுக்கு நெரீனா நன்றி சொன்னதை இப்போது கேட்டு, வாசலிலேயே நின்று, "பரவாயில்லை" என்றாள்.

படத்து வசனங்களும் வந்தன. ஏப்ரல், மே என்று ஐம்பத்தெட்டு நாள் மிதுசா மைக்கோடு அந்தச் சமையலறையில் இருந்தாள். படத்தோடு சேர்த்துப் பார்த்தபோது எங்கும் வெட்டவோ இழுக்கவோ வேண்டியிருக்கவில்லை. உதடும் குரலும் ஒரே ஆளுடையவை, வேறு எப்படி இருக்கும். நெரீனா பார்த்தாள். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, திரும்பப் போடு என்று விரலைச் சுற்றிக் காட்டினாள். ஏழு தடவை.

எல்லாம் சேர்த்து முடித்தபின், ஒக்டோபர் கடைசியில், ஒலிப்பதிவுக்கூடத் தலைவி யூலியாவும் கேட்டாள். அருமை என்றாள், கண் கலங்கினாள். இரண்டு வாரம் கழித்து, வேறு பெண்ணை வைத்துப் பேசவைக்கப்போவதாக மின்னஞ்சல் அனுப்பினாள். வாங்குபவர்களுக்கு அந்த உச்சரிப்பு இடைஞ்சலாம். இதைப் பற்றி மேலும் கேட்கவேண்டாம், வியாழக்கிழமை உங்களுடைய நிரந்தர ஒப்பந்தத்துக்கு நேரம் குறித்து டெர்மின் வைத்திருக்கிறேன் என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள். நாகரிகமாக எழுதியிருந்தாள். நாகரிகத்துக்கு அங்கே ஒருநாளும் குறைவில்லை.

"அப்பா, அவையள் வேற ஆளின்ர குரலைப் போடப்போகினமாம்."

"ஆரின்ர?"

"ரோமில ஆரோ ஒரு பெட்டை. சுத்தமான உச்சரிப்பாம்."

தவராசா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "உனக்கு நிரந்தரம் எண்டு எழுதித் தருவினமோ?"

"ஓம்."

"அப்ப கையெழுத்தை வைச்சிட்டு வா, பிள்ளை. ஒண்டும் கேளாதை."

"அதைத்தானே அப்பா சின்னனில இருந்து செய்யிறன். ஆரின்ர சொல்லையும் கேக்கிறேல்லை."

"என்னது? நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?"

"ஒவ்வொரு நாளும்! ஸ்கூலுக்குப் போகேக்க!"

"அட கடவுளே. ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேட்டு வாங்காதை எண்டெல்லோ சொன்னனான்!"

கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்றபின் வெட்டிய வெங்காயத்தை ஓரமாகத் தள்ளினார். "நான் சொன்னதிலும் நீ விளங்கினது திறம் போலதான் கிடக்கு," என்றார்.

மறுநாள் தவராசா, முப்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக, நாடக அரங்கத்துக்குப் போய் ஒன்று கேட்டார்: நாற்பது கதிரையும் ஒரு வெள்ளைத் திரையும். தாராளமாக என்று உடனே கொடுத்தார்கள். இவ்வளவுதானா என்று அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் நாற்பது கதிரையையும் ஒற்றை ஆளாகவே தங்கள் கட்டடத்து நிலவறைக்கு இறக்கினார். வேலைவிலகல் கடிதத்தை மிதுசா அன்று மாலையே எழுதி அச்சடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை யூலியா பேனாவின் மூடியைக் கழற்றியே வைத்திருந்தாள். மிதுசா உட்காரவில்லை.

"அந்தப் படத்தில் நெரீனாவின் குரல்தான் வரவேண்டும்."

"இதைக் கேட்கவேண்டாம் என்று எழுதியிருந்தேனே, மிதுசா."

"வாசித்தேன். இப்போது கேட்கிறேன்."

"எல்லோருக்கும் அந்தக் குரல் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு மீன்காரி மாதிரி..."

"படத்தில் அவள் மீன்காரிதான்."

யூலியா யன்னலைப் பார்த்தாள், பிறகு ஒப்பந்தத்தைப் பார்த்தாள். இதற்காக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் தெரியுமா என்றாள். தெரியும் என்றாள் மிதுசா, அவர்களில் தன் அப்பாவும் ஒருவர். தன் கடிதத்தை ஒப்பந்தத்தின்மேல் வைத்தாள். "சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் கட்டடத்து நிலவறையில் படம் போடுகிறோம். அவள் குரலோடு. வாருங்கள்."

"அதற்கு உங்களுக்கு உரிமை இல்லை."

"குரல்காரியைக் கேட்டேன். தலையாட்டினாள்."

படியிறங்கி வந்தபோது வரவேற்பு மேசைக்காரி, வெளியே மழையா என்று கேட்கும் தொனியில், நடிகை இன்றைக்கு என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

"ஒன்றும் இல்லை. அறுபத்துமூன்று நவம்பரில் அவளுக்குச் சளி. மூன்று நாளாக இருமல்தான் கேட்கிறது."

"ஐயோ. தேன் ஏதாவது குடித்தாளாமா?"

"நாளைக்குத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு, மிதுசா வாசல் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.