நஜீபாவின் ட்ரே

அந்த ட்ரேயைத் தொடக் கூடாது என்று டொரீன் தன் மருமகள் ஜோலீனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மற்றதெல்லாம் வாய் ஓயாமல் சொன்னாள். தண்ணீர்க் குழாய் எந்த நேரத்தில் மக்கர் பண்ணும், மாமனார் காப்பிக்குச் சீனி எவ்வளவு, குப்பை லோரி எந்தக் கிழமை வரும், பக்கத்து வீட்டு நாய் யாரைக் கடிக்கும், ஒன்று விடவில்லை. இத்தனை வருஷமாக வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, புதிதாக வந்த பெண்ணுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டாள். சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டு வேண்டாததை நூறு தரம் சொல்கிற புத்தி நம் எல்லாருக்கும் இருக்கிறது, டொரீனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

சங்கதி இதுதான். டொரீன் வீடு கிறிஸ்துவ வீடு. மலேசியாவில் கோலா சிலாங்கூருக்குப் பக்கத்தில், வரிசை வீடுகளில் கடைசி வீடு. பன்னி இறைச்சி புழங்குகிற குடும்பம். அவளுடைய உயிர்த்தோழி நஜீபாவோ முஸ்லிம். இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருத்தி பென்சிலை ஒருத்தி கடித்தவர்கள். நஜீபாவின் கணவர் ஜாபர் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததுமே டொரீன் ஒரு சட்டம் போட்டாள்: பன்னி வாசற்படி தாண்டி உள்ளே வராது. கொல்லையில் தகரக் கூரைக்குக் கீழே தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி. உள்ளே இருக்கிற ஓவனுக்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கணவர் சில்வெஸ்டர் முதலில் முணுமுணுத்தார். பிறகு பழகிப்போனார்.

அதற்கும் மேலே, நஜீபாவுக்கென்றே ஒரு அலுமினிய ட்ரே. அவளே பசார் மாலாமில், அந்த ராத்திரிச் சந்தையில், வாங்கிக்கொண்டுவந்து கொடுத்தது.

"இதுல எனக்கு மட்டும் கேக் போடு, புள்ள. உன்னை நம்பாம இல்ல. என் மனசுக்கு ஒரு நிம்மதி, அவ்ளோதான்" என்றாள்.

டொரீன் கோபித்துக்கொள்ளவில்லை. சுத்தமான துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தாள்.

கேக் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மாவு, சீனி, கொக்கோ, சோடா மாவு நான்கையும் ஒரே சட்டியில் கொட்டு. எண்ணெய், முட்டை, கொஞ்சம் பால் விட்டுக் கலக்கு. கடைசியில் சுடச்சுடக் கறுப்புக் காப்பியை ஊற்று. என்னடா இது, ரசம் மாதிரி ஓடுகிறதே என்று பயப்படாமல் ட்ரேயில் ஊற்றி ஓவனில் தள்ளு. வெந்து வந்ததும் டின் பாலும் மார்ஜரினும் கொக்கோவும் காய்ச்சி, சூட்டோடு சூடாக மேலே ஊற்று. சதுரம் சதுரமாக வெட்டு, தின்னு. கை நடுங்குகிற புதுப்பெண்ணுக்குக் கூட வந்துவிடும். கடை முதலாளியம்மா நஜீபா பார்க்காத பலகாரமா? ஆனால் இதைக் கண்டால் மட்டும் சின்னப் பிள்ளை ஆகிவிடுவாள். கருகின ஓரத்தைத் தேடித் தின்பாள்.

அப்படிப்பட்டவளுக்குப் போன வருஷம் வயிற்றில் கேன்சர் என்று சொல்லிவிட்டார்கள். மருந்து ஏற்ற ஏற்ற முடி போனது, சதை போனது. கடைசியில் நாக்கும் செத்துப் போனது.

"எது தின்னாலும் துருப்பிடிச்ச ஆணியக் கடிக்கிற மாதிரி இருக்கு, டொரீன்" என்றாள் ஒருநாள், கூடத்தில் போட்டிருந்த கட்டிலில் படுத்தபடி. "எங்க கடை பிரியாணி கூட மண்ணாட்டம் இருக்கு. பசிக்குது, வாய் ஏத்துக்க மாட்டேங்குது. உன் ட்ரே கேக் போட்டுக் கொண்டா. அதையும் பாத்துருவோம்."

டொரீன் வீட்டுக்குப் பறந்தாள். அலமாரி மேலிருந்து ட்ரேயை எடுத்தாள். துணி சுற்றியிருந்த விதம் கொஞ்சம் மாறியிருந்தது. அதைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை. சாயங்காலமே கேக்கோடு நஜீபா வீட்டு வாசலில் நின்றாள்.

நஜீபாவின் மகள் நூருல் ஒரு துண்டை விண்டு அம்மா வாயில் வைத்தாள். நஜீபா மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். கண்ணை அகல விரித்தாள்.

"இனிக்குது" என்றாள். "ஏ புள்ள! இனிக்குது டொரீன்! நெசமாத்தான் சொல்றேன், இனிக்குது!"

அவ்வளவுதான், மூன்று பேரும் அழுதார்கள், சிரித்தார்கள். நூருலின் பிள்ளைகள் ஓடிவந்து ஆளுக்கொரு துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நஜீபா ஒரு துண்டு முழுதாகத் தின்றாள், இன்னொன்றும் கேட்டாள். மாசக்கணக்கில் அவள் எதையும் கேட்டு வாங்கித் தின்றதில்லை. மிச்சத்தை நூருல் டப்பாவில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள். பிறகு நாலைந்து நாளும் அம்மா அதைத்தான் விரும்பித் தின்றாள் என்று போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள். டொரீனுக்குத் தலைகால் புரியவில்லை. வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள்.

திரும்பி வந்த ட்ரேயை ஒருநாள் அவள் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது ஜோலீன் பக்கத்தில் வந்து நின்றாள். நல்ல பெண். புக்கிட் பெருந்துங்கில் வளர்ந்தவள், டொரீனின் மகன் ட்ரெவரைக் கட்டிக்கொண்டு வந்து நாலைந்து மாசம்தான் ஆகிறது. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"அத்தை, இந்த ட்ரே சூப்பர் லா. நீங்க சபாக்குக்குப் போயிருந்தப்போ நான் இதுலதான் சியூ யோக் செஞ்சேன். வீடியோ பாத்து. ட்ரெவர் ஷிப்டு முடிஞ்சு வர்றதுக்குள்ள சர்ப்ரைஸா. தோலு எப்படி மொறுமொறுன்னு வந்துச்சு தெரியுமா!"

சியூ யோக் என்றால் சீனர்கள் செய்கிற பன்னி ரோஸ்ட். டொரீன் கையிலிருந்த நார் அப்படியே நின்றுவிட்டது.

"எதுல செஞ்ச?"

"இதுலதான் அத்தை. மேல துணி சுத்தி இருந்துச்சா, புதுசுன்னு நெனச்சேன்."

"ஓவன்லயா?"

"ஆமா. ஏன் அத்தை? ஃபாயில் போட்டுத்தான் வச்சேன். அது கிழிஞ்சு எண்ணெய் எறங்கிருச்சு, ஆனா நல்லா கழுவிட்டேன். அத்தை? என்னாச்சு? நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா?"

டொரீன் அந்தப் பெண்ணைத் திட்டவில்லை.  அது யாருடைய ட்ரே என்று மட்டும் சொன்னாள். விஷயம் புரிந்ததும் ஜோலீன் அழுத அழுகையை நிறுத்தவே பெரும்பாடாகிவிட்டது. நீ என்னம்மா செய்வாய், நான் சொல்லியிருக்க வேண்டும் என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள் டொரீன். சாகக் கிடக்கிறவளுக்கு, ஐந்து வேளை தொழுகிறவளுக்கு, அவள் நம்பிக் கொடுத்த ட்ரேயிலேயே ஊட்டிவிட்டு வந்திருக்கிறாளே!

சில்வெஸ்டர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"வாய மூடிக்கிட்டு இரு" என்றார். "வேற ட்ரே வாங்கு. அந்த ஓவனத் தூக்கிப் போடு. அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை மூச்சு விடாத."

"அது துரோகம் இல்லையாங்க?"

"துரோகம்தான். அதை நீயே வச்சுக்க."

நல்ல மனுஷர், நாலே வார்த்தையில் சொல்லிவிட்டார். டொரீனுக்கு அது காதில் ஏறவில்லை. ஆம்பளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தாள். சோற்றில் கை வைத்தால் இறங்கவில்லை. பூசையில் சாமியார் பேசியது எல்லாம் தன்னைப் பார்த்தே பேசியதாகத் தோன்றியது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் போதும், அவள் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நஜீபா போன் போட்டாள். "கேக் தீந்துபோச்சு புள்ள. இன்னொரு ட்ரே போடு."

டொரீன் புது ட்ரே வாங்கினாள். புதுச் சட்டி, புதுக் கரண்டி, பிரிக்காத மாவுப் பை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு நஜீபா வீட்டுக்கே போனாள். "இங்கயே போட்டுத் தர்றேன், சுடச்சுடத் தின்னலாம்" என்றாள். நஜீபா வீட்டு அடுப்படியில், நஜீபா வீட்டு ஓவனில் கேக்கைத் தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். நூருல் வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொக்கோ வாசம் மெல்லக் கூடத்துக்கு வந்தது.

நஜீபா இன்னும் இளைத்திருந்தாள். டொரீன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"டொரீன், டாக்டர் இனி மருந்து வேணாங்கிறாரு. நூருல் என்கிட்ட மறைக்கிறா, எனக்குத் தெரியாதா? எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கிட்டிருக்கேன். உன் மனசு நோக ஏதாச்சும் பேசியிருந்தா மன்னிச்சிரு, புள்ள. எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடு. நான் சுத்தமாப் போகணும்."

சுத்தமாப் போகணும். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. டொரீன் உடைந்துபோனாள். ட்ரே, ஜோலீன், சபாக், கிழிந்த ஃபாயில், எல்லாவற்றையும் கொட்டினாள். ஒன்றைக் கூட மிச்சம் வைக்கவில்லை. சொல்லி முடித்து நஜீபாவின் கைமேல் நெற்றியை வைத்துக்கொண்டு, "நான் பாவி, நஜீ. என்னை மன்னிச்சிரு" என்று தேம்பினாள்.

நஜீபா கையை இழுத்துக்கொள்ளவில்லை. கத்தவும் இல்லை. 

"கொஞ்சம் தண்ணி குடு" என்றாள்.

டொரீன் சாய்த்துப் பிடித்தாள். நஜீபா வாயைக் கொப்பளித்துக் கிண்ணத்தில் துப்பினாள். மறுபடி கொப்பளித்தாள். பிறகு தலையணையில் சாய்ந்தாள்.

"தெரியாம தின்னதுக்கு அல்லா கேள்வி கேக்க மாட்டான். அந்தப் புள்ளையும் தெரிஞ்சு செய்யல. உன்மேல எனக்குக் கோவம் இல்ல, டொரீன்."

டொரீன் நிமிர்ந்தாள். நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கினாற்போல் இருந்தது. அப்போதுதான் நஜீபாவின் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போவதைப் பார்த்தாள்.

"ஆனா ஏன் புள்ள சொன்ன?"

"நஜீ..."

"இத்தன மாசத்துல என் வாய்க்கு ருசிச்சது அது ஒண்ணுதான். வலி வந்தா கண்ண மூடிக்கிட்டு அந்த இனிப்பத்தான் நெனச்சுக்குவேன். அதை வச்சே மிச்ச நாள ஓட்டிரலாம்னு இருந்தேன். இப்ப நெனச்சாலே குமட்டுது." நஜீபா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "நீயே வச்சுக்கிட்டிருக்கக் கூடாதா? உனக்குத்தான் உடம்பு நல்லா இருக்கே. தாங்கியிருக்க மாட்டியா?"

  அடுப்படியில் ஓவன் மணி அடித்தது. கொல்லைக் கதவு திறந்து நூருல் உள்ளே வருகிற சத்தம் கேட்டது. நஜீபா சட்டென்று திரும்பி, டொரீனின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் எங்கிருந்தோ பலம் வந்திருந்தது.

"நூருல்கிட்ட சொல்லாத. அவ பிள்ளைங்களும் தின்னுச்சுங்க. அந்த எண்ணம் அவளுக்கு வேணாம்."

நஜீபா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டொரீன் எழுந்து போய், டின் பாலைக் காய்ச்சி ஊற்றி, வெட்டி, தட்டில் வைத்தாள். கை தானாக வேலை செய்தது. நூருல் தட்டை வாங்கிக் கட்டிலோரம் உட்கார்ந்து, ஒரு விள்ளல் ஊதி ஆற்றி அம்மா வாயில் வைத்தாள்.

"எப்படி இருக்கு உம்மா? போன தடவ மாதிரி இனிக்குதா?"

நஜீபா மென்றாள். தொண்டை ஏறி இறங்குவதை டொரீன் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆணியை விழுங்குகிற முகம் அது.

"இனிக்குதும்மா" என்றாள் நஜீபா, மகளைப் பார்த்துச் சிரித்து. "ரொம்ப நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் குடு."

மகளின் சந்தோஷத்துக்காக அந்தத் துண்டு முழுவதையும் தின்று முடித்தாள்.

டொரீன் எப்படி வீட்டுக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சில்வெஸ்டர் அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார், பாயை விரித்தார். அவள் பாயில் சாய்ந்தாள். சாய்ந்ததும் தூங்கிப்போனாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு, கனவு கூட இல்லாத தூக்கம். விடிந்து, நன்றாக வெயில் ஏறிய பிறகுதான் கண் விழித்தாள். உடம்பு இலேசாக இருந்தது. நஜீபா அந்த ராத்திரியை எதை நினைத்துக்கொண்டு கழித்திருப்பாள் என்று அப்போதுதான் தோன்றியது. எழுந்து உட்கார்ந்தவள் வாயைப் பொத்திக்கொண்டும், சில்வெஸ்டர் ஓடிவரும் அளவுக்கு அழுதாள்.