முதலாளியின் வயிறு

அந்த வீட்டில் முதலாளி என்பது பூனையின் பெயர். சாம்பல் நிறம், அகன்ற முகம், யாரையும் மதிக்காத நடை. குழாய் வேலை பார்க்கும் அம்மா, தையல் மெஷினைக் கட்டிக்கொண்டு அழும் அப்பா, கல்லூரியில் படிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் மகள் ஆகிய மூவரும் அதற்கு வேலைக்காரர்கள்.

முதலாளியின் ரத்தத்தில் லுகேமியா வைரஸ் இருந்தது. அது போதாதென்று வயிற்றுப்போக்கு வேறு மாதக்கணக்கில் வாட்டியது. முதுகைத் தடவினால் எலும்பு விரலில் இடறியது. மருத்துவர் பூசி மெழுகாமல் சொன்னார்.

"வைரஸை விரட்ட முடியாதும்மா. அதோடயே வருஷக்கணக்கா வாழுற பூனைங்க உண்டு. ஆனா வயிறு இப்படியே போனா உடம்பு தாங்காது. குடல் வீக்கத்துக்கு மாத்திரை தரேன். இந்த டப்பா உணவைத் தவிர வேற எதையும் கண்ணுல காட்டாதீங்க. அடுத்த தடவை எடை இன்னும் குறைஞ்சிருந்தா, இதை மேல மேல கஷ்டப்படுத்தலாமான்னு நாம பேச வேண்டியிருக்கும்."

ஊசி போட்டு முதலாளியை முடித்துவிடும் பேச்சு அது என்று அம்மாவுக்குப் புரிந்தது. வீடு வந்ததும் அப்பாவையும் மகளையும் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"எந்த வீட்டுல தண்ணி கசிஞ்சாலும் முதல்ல எல்லா வால்வையும் மூடுவேன். அப்புறம் குட்டு தானா வெளிய வரும். இன்னைல இருந்து இங்கயும் அப்படித்தான்."

சொன்னபடி மூடினாள். குப்பைக்கூடைக்கு மூடி வந்தது. சாப்பிடும்போது மீன் முள்ளைக் கீழே நழுவவிடும் அப்பாவின் பழக்கம் ஒழிந்தது. மகள் ஒளித்து வைத்திருந்த பூனை பிஸ்கட் பறிபோனது. முதலாளி வெளிக்குப் போகும் மணல் தட்டின் பக்கம் வேறு யாரையும் அம்மா விடவில்லை. சாக்கடையில் கைவிட்டுச் சம்பாதிப்பவளுக்கு இதெல்லாம் ஒரு அருவருப்பா என்ன?

ஆனாலும் மணல் தட்டில் மலம் அதே கூழாகத்தான் கிடந்தது. உடனே விசாரணை தொடங்கியது.

"உண்மையைச் சொல்லுங்க. மீன் குடுத்தீங்களா?"

"எனக்கே மீன் கிடைச்சு எத்தனை நாளாச்சு," என்றார் அப்பா.

"அப்போ நீயா?"

மகள் அழுதேவிட்டாள். முதலாளி என்றால் அவளுக்கு உயிர். அதைக் கொல்லப் பார்ப்பவளாக அம்மா தன்னை நினைத்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. அப்பா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"எங்க பக்கமெல்லாம் மூடியாச்சு. மாத்திரையை நீதானே குடுக்குற? எப்படிக் குடுக்குறன்னு காட்டு."

"நல்லாப் பாருங்க. நான் போட்ட ஜாயின்ட் என்னைக்குக் கசிஞ்சிருக்கு?"

ஃப்ரிட்ஜைத் திறந்து சீஸ் கட்டியை எடுத்தாள். ஒரு துண்டு கிள்ளி, மாத்திரையை உள்ளே புதைத்து உருட்டினாள். முதலாளி ஓடிவந்து காலைச் சுற்றியது. பாதி உருட்டலில் அவள் கை நின்றது.

காலையும் மாலையும் அவள் அதை மருந்தாகத்தான் நினைத்திருந்தாள். அதுவும் தீனிதான் என்று ஒருநாளும் உறைக்கவில்லை. அப்பாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார்.

"சீஸா?" என்று தொலைபேசியில் மருத்துவர் பெருமூச்சு விட்டார். "நிறையப் பூனைங்களுக்குப் பால் சாமான் ஒத்துக்காதும்மா. அந்த டப்பா உணவையே உருண்டை பிடிச்சுக் குடுங்க."

முதலாளி உருண்டையைத் துப்பியது. மறுநாளும் துப்பியது. அம்மா விடுவாளா? உணவை லேசாகச் சூடாக்கி வாசனையைக் கிளப்பினாள். வெறும் உருண்டை ஒன்று, மாத்திரை உருண்டை ஒன்று, அது யோசிப்பதற்குள் இன்னொரு வெறும் உருண்டை. முதலாளி ஏமாந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டில் கூழ் கெட்டிப்பட்டது.

அடுத்த முறை முதலாளியைக் கொண்டுபோனபோது மருத்துவர் எடைக்கருவியை இரண்டாம் தடவையும் பார்த்தார். "ஏறியிருக்கு. வைரஸ் எங்கயும் போகல, கவனமா இருங்க. ஆனா அந்தப் பேச்சு இப்போ வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா மணல் கரண்டியும் கையுமாக மகளின் எதிரே போய் நின்றாள்.

"கசிஞ்சது என் ஜாயின்ட்தான். உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேன். தப்புதான்டி."

மகள் அம்மா கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு தட்டைச் சுத்தம் செய்யப் போனாள்.