கன்றைப் பணயம் வைத்தவள்

தன் கணவன் நாகராசு, கறம்பக்குடி நெல் மண்டிக்காரர் ரத்தினவேலிடம் சீட்டாடிப் பசுவைத் தோற்றுவிட்டு வந்ததைச் செங்கமலம் மூன்று நாள் வாய் திறவாது பொறுத்திருந்தாள். நான்காம் நாள் காலையில் மண்டி ஆள் வந்து கன்றையும் கேட்டான். கன்று முட்டாமல் பசு பால் சுரக்க மறுக்கிறதாம். அதைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்தது. அப்பசுவின் முதற்பால் நாள்தோறும் ஊர்ச் சிவனாரின் திருமஞ்சனத்துக்கு உரியது. மூன்று நாளாய் ஐயன் வெறும் நீராடியே நின்றார். கன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கணவனையும் அழைத்துக்கொண்டு அவளே மண்டிக்கு நடந்தாள்.

"வாங்க தங்கச்சி! கன்னையும் கொண்டாந்துட்டீங்க. நல்ல மனசு!" என்றார் ரத்தினவேல்.

"கன்னு பந்தயத்துல இல்லைங்கண்ணே. வேணும்னா ஆடி எடுத்துக்கங்க. தோத்தா கன்னு ஒங்களுக்கு. ஜெயிச்சா பசு எனக்கு."

மண்டியே சிரித்தது. "ஏப்பா நாகராசு, ஒம் பொஞ்சாதிக்கு இருக்குற தைரியத்துல பாதி ஒனக்கு இருந்திருக்கக் கூடாதா?" என்றார் ரத்தினவேல்.

நாகராசு தரையைப் பார்த்தான். தமையன்மார் நால்வரோடு வளர்ந்த செங்கமலம் சீட்டு அறியாதவள் அல்லள்.

ஆளுக்கு மூன்று சீட்டு, ஐந்து புளியங்கொட்டை. ஒருவர் கொட்டைகளை முன்னே தள்ளி அறைகூவினால், மற்றவர் ஒரு கொட்டையைக் கொடுத்துப் பின்வாங்கலாம். அல்லது 'காட்டு' எனலாம். காட்டச் சொன்னால் பெரிய சீட்டு உடையவருக்கே பந்தயம்; அவ்வாட்டத்தோடு வழக்கு முடிந்தது.

ரத்தினவேல் சீட்டைவிட நாவால் ஆடுபவர். முதல் ஆட்டத்தில், "ஐயையோ, அத்தனையும் குப்பை" என்று புலம்பிக்கொண்டே, "லாபம், ரெண்டு, மூணு" என எண்ணித் தள்ளினார். நெல் அளக்கையில் முதல் மரக்காலை ஒன்று என்னாமல் லாபம் என்பது மண்டி வழக்கம். செங்கமலம் பின்வாங்கினாள். அவர் விரித்துக் காட்டியவை மூன்று ராணிகள்.

இரண்டாம் ஆட்டத்தில், "மூணு ராஜாவும் நம்ம கையில! ஓடிருங்க தாயி!" என்று முழங்கி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" எனத் தள்ளினார். அவள் மீண்டும் பின்வாங்கினாள். அவர் கையில் ஒன்றுமே இல்லை.

"சும்மா மெரட்டுனதுக்கே பயந்துட்டீங்களே!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

மூன்றாம் ஆட்டத்தில் செங்கமலத்துக்கு வாய்த்தது இரண்டு நாலு சேர்ந்த ஒரு ஜோடி மட்டுமே. ரத்தினவேல் மறுபடி முகம் வாடினார். "போச்சு, போச்சு. பசுவ ஓட்டிட்டுப் போங்க தங்கச்சி, எனக்கு இன்னைக்கு நேரம் சரியில்ல."

நாகராசு அவள் காதருகே குனிந்தான். "மொதல்லயும் இப்படித்தான் பொலம்புனாரு. மூணு ராணி வச்சிருந்தாரு. வேணாம், விட்டுரு."

அதற்குள் ரத்தினவேலின் விரல்கள் கொட்டைகளைத் தள்ளத் தொடங்கிவிட்டன. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

செங்கமலம் கண்களை மூடினாள். புலம்பலும் முழக்கமும் அவர் வேண்டியபடி மாற்றி அணியும் ஆடைகள். ஆனால் பதர் கலந்த நெல்லை அளக்கையில் மட்டும் அவர் லாபம் என்று தொடங்கி அவள் கேட்டதில்லை. திருமகளின் பெயரைப் போன்ற அச்சொல்லை வெறுங்கையின்மேல் வைக்க அவர் நா கூசிற்று.

"காட்டுங்கண்ணே."

ஒரு ராஜா, ஒரு ஒன்பது, ஒரு ஐந்து; ஜோடி எதுவும் இல்லை. அவள் தன் இரு நாலுகளையும் அருகே வைத்தாள்.

"எப்படித் தெரிஞ்சுச்சு?" என்றார் ரத்தினவேல்.

"இல்லாத கைக்கு லாபம்னு சொல்ல ஒங்களுக்கு வாய் வரலைங்கண்ணே."

அவர் மரக்காலைத் திரும்பிப் பார்த்தார். தோல்வியைவிட வேறேதோ அவர் முகத்தைச் சிவக்கச் செய்தது. "அத மட்டும் பொய்யாச் சொல்ல மாட்டேன். எங்க அப்பாரு காலத்து வழக்கம்."

"அது இருக்குற வரைக்கும் எங்க நெல்லு ஒங்க மண்டிக்குத்தான் வரும்."

"அப்ப ஆட்டத்துல யாருக்கு லாபம் தங்கச்சி?" என்று அவர் சிரித்தார், இம்முறை சிரிப்பில் சூது இல்லை. அவரே எழுந்து சென்று பசுவை அவிழ்த்துவிட்டார்.

கன்று கயிற்றைப் பறித்துக்கொண்டு பாய்ந்தது. இரண்டு முட்டு முட்டியதும் மடி நிறைந்து, பால் கடைவாய் வழியே நுரைத்து வழிந்தது. செங்கமலம் மண்டியில் ஒரு செம்பு இரவல் வாங்கிக் கணவனிடம் நீட்டினாள்.

"உச்சிக்காலப் பூசைக்கு இன்னும் நேரம் இருக்கு. கறங்க, நீங்களே கொண்டு போய்க் கொடுங்க."

நாகராசு செம்பைக் கீழே வைத்தான். தொட்டியில் தன் இரு கைகளையும் முழங்கைவரை இருமுறை கழுவிய பிறகே பசுவின் அருகே அமர்ந்தான்.