லேப்டாப்புக்குத் தைத்த சட்டை

அம்மா தையற்காரி. அந்த வீட்டில் சட்டை போடாத பொருள் கிடையாது. பிரிட்ஜுக்குப் பாவாடை, டிவிக்கு முக்காடு, ரிமோட்டுக்குக்கூட ஜிப் வைத்த பை. மகள் லேப்டாப் வாங்கி வந்ததும் அதற்கும் பஞ்சு வைத்து ஒரு சட்டை தைத்துவிட்டாள். திரையும் எழுத்துப் பலகையும் மட்டும் வெளியே தெரிந்தன.

"தூசி போகாது, அடிபடாது. எப்படி?"

"ஜோர்மா" என்றாள் மகள். குடும்பத்தின் முதல் பட்டதாரி. காற்றுப் போகிற ஓட்டைகளையும் சேர்த்து அம்மா மூடித் தைத்திருந்தது அவளுக்கும் உறைக்கவில்லை.

வீட்டில் இருந்ததோ ஒரே மேஜை. அது அண்ணனுடையது. ஏதோ தேர்வுக்குப் படிக்கிறானாம். மேஜைமேல் ஹெல்மெட், சென்ட் பாட்டில், சீப்புகள், பிறகு இன்றுவரை முதுகு மடங்காத இரண்டு தடித்த புத்தகங்கள். மகள் கட்டில் மெத்தையில் உட்கார்ந்து, மடியில் தலையணை, அதன்மேல் லேப்டாப் என்று கழுத்தொடிய வேலை தேடினாள்.

கடைசிச் சுற்று நேர்காணல் வந்தது. இந்த வேலை கிடைக்காவிட்டால் அம்மாவின் கடையில் காலமெல்லாம் பொத்தான் தைக்க வேண்டியதுதான்.

"நெருக்கடியில எப்படி வேலை செய்வீங்க?" என்று திரையில் மேனேஜர் கேட்டார்.

அவள் வாய் திறந்தாள். உள்ளே விசிறி ஓலமிட்டது. திரை கறுத்தது. தொடை இஸ்திரிப் பெட்டி வைத்தாற்போல் காந்தியது.

போனில் கெஞ்சியதற்கு, மதியம் இன்னொரு வாய்ப்பு தருவதாகச் சொன்னார்கள். அதுவே கடைசி.

"ஈரத்துணி போட்டு வைக்கட்டுமாடி?" அம்மா ஓடிவந்தாள்.

"ஐயோ, தண்ணி பட்டா மொத்தமா செத்துடும்மா!"

மகள் சட்டையை உருவினாள். அடியில் வரிசையாக ஓட்டைகள், வாய் நிறையப் பஞ்சு. சட்டைக்குக் கீழே தலையணை, தலையணைக்குக் கீழே மெத்தை.

"காய்ச்சக்காரனுக்கு மூணு கம்பளி போத்தி மூக்கையும் பொத்தியிருக்கோம்."

பஞ்சைத் துடைத்தெடுத்துவிட்டு நேராக அண்ணன் அறைக்குப் போனாள். சென்ட், சீப்பு, ஹெல்மெட் எல்லாம் கட்டிலுக்கு மாறின. புத்தகங்களைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, நடுவே காற்றுக்கு இடம் விட்டு, மேலே லேப்டாப்பை நிறுத்தினாள். திரை கண்ணுக்கு நேரே வந்தது. முதுகு நிமிர்ந்தது. அந்தப் புத்தகங்களும் ஒருவழியாக ஒருவருக்குப் பயன்பட்டன.

அண்ணன் ஈரத்தலையோடு வந்தான். "ஏய், என் மேஜைடி! நான் எங்க படிக்கறது?"

"படிக்கும்போது சொல்லுண்ணா, எந்திரிக்கறேன்."

மதியம் மேனேஜர் அதே கேள்வியைக் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "குறுக்க நிக்கறத நகத்திட்டு வேலையப் பாப்பேன் சார். இன்னிக்குக் காலையிலகூட ஒரு மேஜையக் காலி பண்ணினேன்."

அவர் சிரித்துவிட்டார். லேப்டாப் கடைசிவரை மூச்சுவிட்டது. மாலையே வேலை உறுதியானது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை.

"முடிஞ்சுதுல்ல, மேஜையக் குடு" என்றான் அண்ணன்.

"இனிமேதான்ணா ஆரம்பம்."

அன்று அம்மா லேப்டாப் சட்டையைப் பிரித்தாள். பஞ்சை வீணாக்குவாளா? உட்காருவதற்கு அருமையான ஒரு திண்டு தைத்தாள், ஓரத்தில் சுருக்கம்கூட வைத்து. நாள் முழுக்க மர நாற்காலியில் உட்காரப்போகிற மகள் கையை நீட்டினாள்.

"உனக்கில்லடி. அண்ணனுக்கு. மேஜை போனதுலேருந்து பாவம், தரையில உக்காந்து போன் பாக்கறான்."