தொப்பி போட்ட நரி

என் கணவன் சிக்ஸ்டனின் பிரேக் அவன் கண்ணில்தான் இருக்கிறது. கோடையில் எந்தக் குறுக்குச் சாலையிலாவது யாரோ ஒரு பலகையில் 'லோப்பிஸ்', அதாவது பழைய சாமான் விற்பனை, என்று கிறுக்கி வைத்தால் போதும், வண்டி நின்றுவிடும். அடுத்தவர் வீட்டுப் பழைய சாமானெல்லாம் விலைக்கு வந்து எங்கள் கொட்டகையில் சேரும். வாஃபிள் சுடும் இரும்பு அச்சு மட்டும் ஏழு இருக்கிறது. நான் ஒன்றில்கூடச் சுட்டதில்லை.

அதனால்தான் போன மாதம், அவன் ஏரிக்கு மீன் பிடிக்கப் போன நேரம் பார்த்து, கொட்டகையில் நின்ற, பஞ்சடைத்துப் பாடம் செய்த நரியைத் தூக்கிப் போய் எங்கோ ஒரு சர்ச்சின் தர்ம விற்பனைக்குத் தானமாகக் கொடுத்துவிட்டேன். இரண்டு காலில் நின்று தட்டு ஏந்தும் நரி. அதைப் பார்த்தாலே எனக்குக் குலை நடுங்கும். ஆனால் அவன் முதன்முதலாக வாங்கிய சாமான் அது. தெரிந்தால் தாங்கமாட்டான்.

சனிக்கிழமை தால்ஸ்லாந்துப் பக்கம் ஒரு மண் சாலையில் பலகை தெரிந்தது. நின்றோம். பண்ணை வீட்டு முற்றத்தில் மேசைகள், காப்பி, இலவங்கப்பட்டை ரொட்டி. கடைசி மேசையருகில் அதே நரி! ரோமத்தைச் சீவி, சிவப்புத் தொப்பி மாட்டிவிட்டிருந்தார்கள்.

"ஸ்வேயா, இங்க பாரேன்! நம்ம நரி மாதிரியே ஒண்ணு!"

"எல்லா நரியும் அப்படித்தான் இருக்கும். வா, போலாம்."

அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். "ம்ஹூம். வால் குட்டை. மூஞ்சில அறிவே இல்ல. நம்மாளு கால் தூசிக்குப் பெறாது இது."

வண்டி கிளம்பியதும் எனக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதி இரண்டு கிலோமீட்டர்தான் நிலைத்தது.

"வீட்டுக்குப் போனதும் நம்மாளையும் எடுத்துச் சீவி விடணும்" என்றான். "ஒரு தொப்பியும் போடலாம்."

"வண்டியத் திருப்பு."

"எதுக்கு?"

"எனக்கு அந்த நரி வேணும்."

முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு சாமானுக்காகவும் வண்டியைத் திருப்பச் சொன்னதில்லை. படுபாவிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நரியை அவனே பின் சீட்டில் ஏற்றி, பெல்ட்டும் மாட்டினான்.

அதைக் கொட்டகையில் பழைய இடத்திலேயே ஓசைப்படாமல் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவன் விட்டால்தானே? நேராகப் படுக்கையறைக்குத் தூக்கிப்போனான்.

"நீ ஆசைப்பட்டு வாங்கினது, இங்கதான் நிக்கணும். இரு, நம்மாளையும் கூட்டிட்டு வரேன். ஜோடியா இருக்கட்டும்." கொட்டகைச் சாவியை எடுத்தான்.

"சிக்ஸ்டன், போகாத. அங்க ஒண்ணுமில்ல. நம்மாளுதான் இது. நான்தான் தூக்கிக் குடுத்துட்டேன்."

அவன் முகம் சிவந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. மெல்ல நரியிடம் போய்த் தொப்பியைக் கழற்றினான்.

"மூஞ்சில அறிவில்லன்னு சொல்லிட்டேன்டா. மனசுல வச்சுக்காத."

என்னோடு அவன் பேச நான்கு நாள் ஆயிற்று.