யூமெய் அழவில்லை

"ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் அழுதிருக்கு. உனக்கு மட்டும் என்னடி கேடு?"

மாவு பிசைந்த கையோடு குவெய்ஃபாங் மகளைக் கேட்டாள். வகுப்பாசிரியர் தெங் அனுப்பிய செய்தி கைப்பேசியில் ஒளிர்ந்துகொண்டிருந்தது: 'ஊக்க உரையின்போது தங்கள் மகள் யூமெய் அழவில்லை. உடனே கவனிக்கவும்.'

"வரலம்மா."

"வராட்டி கண்ணையாவது கசக்கறதுக்கென்ன? சாரு என்னையில்ல கேக்குறாரு."

அன்று ஞாயிறு பிற்பகல். தாயும் மகளும் ஒரே நேரத்தில் விழித்திருப்பது வாரத்தில் அந்த ஒரு பொழுதுதான். குவெய்ஃபாங் விடியுமுன்பே தன் பன் கடைக்குப் போய்விடுவாள். யூமெய் பள்ளியில் இரவுப் படிப்பு முடிந்து பத்து மணிக்குமேல் வரும்போது, தாய் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருப்பாள்.

யூமெய் படிக்கும் ஒன்பதாம் வகுப்பின் மதிப்பெண்கள் அந்தப் பருவத்தில் சரிந்திருந்தன. ஆசிரியர்கள் கூடி ஆராய்ந்து, பிள்ளைகளுக்கு ஊக்கம் போதவில்லை என்று கண்டுபிடித்தார்கள். தூக்கம் போதுகிறதா என்று யாரும் கேட்கவில்லை. மாகாணத் தலைநகரிலிருந்து ருவான் என்ற பேச்சாளரை வரவழைத்தார்கள். மைதானத்தில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, ஒலிபெருக்கியில் சோக இசையை ஓடவிட்டு, அவர் தழுதழுத்தார்.

"உங்க அம்மா கையைப் பாத்திருக்கீங்களா? அதுல இருக்கிற வெடிப்பை எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

மைதானமே விம்மியது. யூமெய் மட்டும், அம்மாவின் கையைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசிக்கத் தொடங்கினாள். நினைவுக்கு வரவில்லை. அதையே யோசித்ததில் அழ மறந்துவிட்டாள்.

தெங்குக்கு விஷயம் தெளிவாகப் புரிந்தது. அழாதவளுக்கு நன்றியில்லை, நன்றியில்லாதவளுக்கு ஊக்கமில்லை, வடிவக் கணிதத்தில் அவள் தோற்றதற்கு வேறு என்ன காரணம் வேண்டும்?

அடுத்த வாரமே ருவான் மறுபடி வந்தார். இந்த முறை கல்வி அதிகாரிகளும் பெற்றோரும் முன்வரிசையில் இருந்தார்கள். குவெய்ஃபாங் கடையை மூடிவிட்டு வந்திருந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடையேறி, பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தாயின் கடனைத் தீர்ப்பதாகக் கத்தினார்கள். தன் வகுப்பின் மானத்தைக் காக்க நினைத்த தெங், யூமெய்யின் முதுகில் கைவைத்து மேடைக்குத் தள்ளினார்.

"அம்மாகிட்ட என்ன சொல்லணுமோ மனசு விட்டுச் சொல்லும்மா" என்றார் ருவான்.

யூமெய் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா ஒம்பது மணிக்குப் படுத்துடும். பள்ளிக்கூடம் பத்து மணிக்குத்தான் விடுறீங்க. ஏழு மணிக்கு விட்டீங்கன்னா நாங்க சேந்து சாப்பிடுவோம். கையையும் பாப்பேன்."

இசைப் பொறுப்பாளர் அவசரமாகச் சத்தத்தைக் கூட்டினார். முன்வரிசையில் ஒருத்தி சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். குவெய்ஃபாங் தன் கைகளை மடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கோரிக்கை வீண்போகவில்லை. குழந்தையின் தாய்ப்பாசம் நெஞ்சைத் தொடுவதாக அதிகாரிகள் பாராட்டினார்கள். அதை முறையாக வளர்க்க, ஞாயிறு பிற்பகல்தோறும் நன்றியுணர்வு வகுப்பு நடத்த உத்தரவாயிற்று. வராமலிருக்க அனுமதியில்லை.

முதல் ஞாயிறு. யூமெய் புத்தகப் பையைத் தூக்கினாள். குவெய்ஃபாங் அதை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"கழட்டிப் போடு செருப்பை. இன்னிக்குக் கொழுக்கட்டை."

பூரணத்தை வைத்து இருவரும் மடித்துக்கொண்டிருந்தபோது தெங் அழைத்தார்.

"யூமெய் ஏன் வரல?"

"அழுதுட்டிருக்கா சார்."

"அழறாளா?"

"என் கையைப் பாத்ததுலருந்து நிறுத்தவே இல்ல சார். இந்தக் கோலத்துல எப்படி அனுப்புறது?"

தெங்கின் குரல் கனிந்தது. "பரவாயில்லம்மா. நல்லா அழட்டும். தடுக்காதீங்க."

"தடுக்க மாட்டேன் சார். இனிமே எல்லா ஞாயித்துக்கிழமையும் அழுவா போலத்தான் தெரியுது."

யூமெய் மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாப்பிட்டு முடித்து, தாயும் மகளும் ஒரே போர்வையில் இருட்டும்வரை தூங்கினார்கள். அந்தப் பருவம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின.

பருவத் தேர்வில் யூமெய் வடிவக் கணிதத்தில் தேறினாள். இடைவிடாத அழுகையின் பலன் என்று தெங் அதிகாரிகளுக்கு விரிவான அறிக்கை அனுப்பினார். அதைப் படித்து மகிழ்ந்த அதிகாரிகள், மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் ருவானை ஏற்பாடு செய்தார்கள்.